ரெண்டரைக் கட்டை

"இண்டைக்கு வலு வடிவாப் பாடினாய் பிள்ளை" எண்டு அவ சொன்னால் எனக்குக் கொதிதான் வரும். நல்லாப் பாடின நாளிலையும் அதைத்தான் சொல்லுவா. தொண்டை கட்டி, சொல்லை விழுங்கி, நடுவிலை இருமின நாளிலையும் அதையேதான் சொல்லுவா. பிறகு என்னெண்டு நம்பிறது? எத்தினையோ வருசம் அவவின்ரை கீபோட்டுக்குப் பக்கத்திலை நிண்டு பாடியிருக்கிறன். எனக்குப் பாட வருமோ வராதோ எண்டு இண்டுவரைக்கும் எனக்குச் சரியாத் தெரியாது. அதுக்கு அவதான் காரணம்.

எங்கடை இசைக்குழு ஒண்டும் பெரிய குழு இல்லை. உடுப்பிட்டியிலை அவவின்ரை வீட்டு முன்னறைதான் எங்களுக்கு ஒத்திகை மண்டபம். கோயில் திருவிழா, கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு வடமராட்சி முழுக்கப் போவம். அவவின்ரை புருசன்தான் பாட்டுக்காரர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. பெண்குரல் நான். தபேலாவுக்கு ஒரு மனுசன், இடைக்கிடை பிந்தி வாறவர். கீபோட் அவ. இவ்வளவுதான் ஆக்கள்.

மேடையிலை அவ ஆரையும் விழவிடமாட்டா. அதுதான் அவவின்ரை குணம். நல்ல குணம் எண்டு நீங்கள் நினைப்பியள். பொறுங்கோ, சொல்லிறன்.

ஒருக்கா ஒரு கலியாணவீட்டிலை மாப்பிளையின்ரை மாமன்காரன், நல்லாக் குடிச்ச வெறியிலை, மைக்கைப் பறிச்சு வைச்சுக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டார். முதல் வரி ஒரு சுருதி, ரெண்டாம் வரி இன்னொரு சுருதி, மூண்டாவது எங்கையோ பனைமரத்திலை. அவ சிரிக்கவுமில்லை, நிப்பாட்டவுமில்லை. அந்தாள் போன இடமெல்லாம் பின்னாலையே போய், ஏதோ எழுதி வைச்சுப் பாடின பாட்டு மாதிரிக் கொண்டுவந்து முடிச்சுவிட்டா. சனம் கை தட்டினது. அந்தாள் இண்டைக்கும் தன்னை ஒரு பாட்டுக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டு திரியுது.

மேடைக்கு வெளியிலையும் உதுதான். தபேலாக்காரர் பிந்தினால், அவர் வந்து அண்ணையிட்டை ஏச்சு வாங்க முதல், "ஐயோ, நான்தான் ஒரு வயரை மறந்துபோய் அவரை வீட்டை அனுப்பினனான்" எண்டு சொல்லிப்போடுவா. அவவின்ரை வீட்டிலை நான் ஒரு நல்ல கண்ணாடிக் கோப்பையைப் போட்டுடைச்சன். சத்தம் கேட்டுக் குசினிக்குள்ளை இருந்து வந்தவ, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "அது முந்தியே வெடிச்சுப்போய்க் கிடந்தது பிள்ளை, எறிவமெண்டு இருந்தனான்" எண்டா. பச்சைப் பொய்! அண்டு காலமைதான் அவ அதைப் பெட்டியிலை இருந்து பிரிச்சதை நான் கண்ணாலை கண்டனான். "அக்கா, பேசாமல் ஒருக்கா ஏசுங்கோவன்" எண்டு சொல்லிப் பாத்தன். சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா.

நான் நேர்மாறு. எனக்கு மனதிலை பட்டது வாயிலை வந்திடும். அதாலை எனக்கு ஊரிலை பாதிப்பேரோடை கதை பேச்சில்லை. எங்கள் ரெண்டுபேருக்கும் எப்பிடி ஒத்துவந்தது எண்டு எல்லாருக்கும் ஒரு அதிசயம்தான்.

அண்ணையின்ரை குரலைப் பற்றிச் சொல்லவேணும். பாட்டுக்காரரின்ரை குரல் எவ்வளவு உயரத்திலை நிக்கும் எண்டதைக் கட்டைக் கணக்கிலை சொல்லுறது. அண்ணைக்கு ரெண்டரைக் கட்டை. எங்கடை பக்கத்து நாதஸ்வரங்களின்ரை சுருதியும் அதுதான். இளந்தாரிப் பருவத்திலை கோயில் வீதியிலை நாதஸ்வரத்தோடை சரிக்குச் சரியா நிண்டு பாடின மனுசன். அதைச் சொல்லேக்கை அவருக்கு நெஞ்சு நிமிரும். "எனக்கெண்டு ஒரு காணி பூமி இல்லை, பிள்ளை. இந்த ரெண்டரைக் கட்டைதான் என்ரை சொத்து" எண்டுவார்.

பிறகு அவருக்குக் கழுத்திலை ஒரு கட்டி வந்து, ஆஸ்பத்திரியிலை வெட்டி எடுத்தவை. உயிருக்கு ஒண்டுமில்லை. குரல்தான் இறங்கிப்போட்டுது. கதைக்கேக்கை வித்தியாசம் தெரியாது. பாட்டிலை மேலை போகேக்கை நூல் அறுந்த மாதிரி நிண்டிடும். அந்த மாசங்களிலை அவர் ஆரோடையும் கதைக்கேல்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைச்சால் அப்பிடியே கிடக்கும். நாள் முழுக்கக் கிணத்துக்கட்டிலை கையை ஊண்டிக்கொண்டு தண்ணியையே பாத்துக்கொண்டு நிப்பார். அவ குசினி வேலையை விட்டுப்போட்டு, அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்து கிணத்தடியிலை குந்தியிருந்துதான் மரக்கறி வெட்டினவ. "இஞ்சை நல்ல காத்து" எண்டு எனக்குச் சொன்னா. எனக்கு விளங்கினது.

ஒருநாள் அவ கீபோட்டுக்கு முன்னாலை இருந்துகொண்டு, "இஞ்சேருங்கோ, சும்மா ஒரு தேவாரம் பாடுங்கோவன், விரல் விறைச்சுப்போச்சு" எண்டு கூப்பிட்டா. அவர் வரமாட்டன் எண்டார். கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்து இருத்தினா. "எத்தினையிலை வைச்சிருக்கிறீர்?" எண்டு கேட்டார். அவ விரலைக் காட்டினா. ரெண்டரைக் கட்டைக்குரிய கறுப்புக் கீயிலை விரல் இருந்தது. அவர் பயந்து பயந்து தொடங்கினார். பாட்டு முழுக்கப் போச்சுது. ஒரு இடத்திலையும் குரல் அறுந்துபோகேல்லை. மனுசன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "வந்திட்டுது, வந்திட்டுது" எண்டு அவவின்ரை தோளைப் பிடிச்சு ஆட்டினார்.

நானும் அழுதன். ஆனா பிறகு என்ரை பாட்டு வரேக்கை என்ரை குரல் அடித்தொண்டைக்குள்ளை போய் உறுமிச்சுது. வழமையாப் பாடுற பாட்டு, வழமையான கீ, குரல் மட்டும் நிலத்தோடை. அப்பதான் எனக்கு உறைச்சது. கீபோட்டிலை சுருதியைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டன் இருக்கு. அதை அமத்தினால் விரல் அதே கீயிலைதான் இருக்கும், சத்தம் மட்டும் ஒவ்வொரு அமத்தலுக்கும் அரைக் கட்டை கீழை இறங்கும். அவ ஒண்டரைக் கட்டை இறக்கி வைச்சிருந்திருக்கிறா. அண்ணை விரலைப் பாத்து நம்பினவர். நான் வாயைத் திறக்க வெளிக்கிட்டன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. நான் பாடி முடிச்சன்.

அண்டையிலை இருந்து நாங்கள் எல்லாரும் அந்தப் பொய்க்குள்ளைதான் சீவிச்சம். தபேலாக்காரர் அவ இறக்கின சுருதியைக் கேட்டு, ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி அதுக்குத் தட்டிச் சரிபண்ணிக்கொள்ளுவார். அண்ணை முந்திப் பாடின கசெற்றுகளைப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் பிடிபட்டிடும் எண்டு, கறையான் வருகுது எண்டு சொல்லி, அவ அதுகளைப் பெட்டியோடை தன்ரை தங்கச்சி வீட்டை கொண்டுபோய் வைச்சிட்டா. குரல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அண்ணை காலமை குளிச்சுப்போட்டுத் தேவாரம் பாடேக்கை, அவ அடுப்படியிலை நிண்டு காதைக் குடுத்துக் கேட்டு, அண்டைக்கு எவ்வளவு இறக்கவேணும் எண்டு முடிவெடுத்துப்போடுவா. ஒருநாளும் பிசகினதில்லை.

"அக்கா, உது சரியில்லை. ஆறுதலா இருக்கேக்கை மெல்லமாச் சொல்லிவிடுங்கோ. வயது போனால் எல்லாருக்கும் குரல் இறங்கிறதுதானே" எண்டு நான் ஒருக்காக் கேட்டன்.

"சொன்னால் திருப்பியும் கிணத்தடிக்கெல்லே போவார்" எண்டா. கீரையை ஆய்ஞ்சுகொண்டே சொன்னா. பேந்து அதைப்பற்றி நான் கதைக்கேல்லை.

இப்பிடி இருக்கேக்கைதான் பழைய கீபோட் செத்தது. அது கனகாலமாவே அரை உயிர்தான். கரையோரக் கோயில்களுக்குக் கொண்டுபோய், உப்புக்காத்துப் பட்டு, முதல்லை அதின்ரை திரை போச்சுது. ஒண்டும் தெரியாது, வெறும் சாம்பல் கண்ணாடி. அவவுக்கு அது பெரிய வசதியாப் போட்டுது, எவ்வளவு இறக்கியிருக்கு எண்டு ஆருக்கும் தெரியாதெல்லே. பிறகு கீயளும் ஒவ்வொண்டாப் போகத் தொடங்கிச்சுது. ஒண்டை அமத்தினால் மெல்லமாக் கேக்கும், பக்கத்துக் கீ அறைஞ்ச மாதிரிக் கேக்கும்.

அப்ப வெளிநாட்டிலை இருந்து ரெக்கோடிங் வேலையளும் வரத் தொடங்கியிருந்தது. செத்தவீடு முடிஞ்சு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு எண்டு ஒரு புத்தகம் அடிக்கிறது எங்கடை வழக்கமெல்லே. செத்தவரின்ரை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எண்டு பாட்டாவே இருக்கும். முந்தி ஒராள் வாசிக்க எல்லாரும் இருந்து அழுகிறது. இப்ப கனடாவிலையும் லண்டனிலையும் இருக்கிற பிள்ளையளுக்கு அதை இசையோடை பாடி போனுக்கு அனுப்பவேணும். யன்னலுக்கு மெத்தையைக் கட்டி, கோழியளைத் துரத்திப்போட்டு, அண்ணையும் நானும் அவையின்ரை வீட்டுப் பின்னறையிலை நிண்டு ஊரிலை உள்ள செத்த ஆக்கள் எல்லாருக்காகவும் அழுது பாடினம். ஆக, வாங்கிற சாமான் வீட்டு ரெக்கோடிங்குக்கும் சரிவரவேணும், மேடைக்கும் சரிவரவேணும்.

அவையின்ரை மகன் பிரான்சிலை. "அம்மா, கொன்ற்றோலர் ஒண்டு எடுங்கோ. கொம்பியூட்டரிலை கொழுவி வாசிக்கலாம், பாரமில்லை, எந்தச் சத்தமும் எடுக்கலாம். நான் இஞ்சை இருந்து அனுப்பிறன்" எண்டான். அவ ஓம் எண்டு சொல்லேல்லை. "கையாலை தொட்டுப் பாக்காமல் எடுக்கமாட்டன் அப்பு" எண்டிட்டா.

அண்ணைக்குக் கொன்ற்றோலர் எண்டதே விளங்கேல்லை. "தனிச்சு வைச்சால் சத்தம் வராதோ? சத்தம் இல்லாத கீபோட்டோ? அது என்ன சாமான்! அதுக்கு நான் எங்கடை சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு போகலாமே" எண்டார். அவருக்கு வேணுமெண்டது எண்பத்தெட்டுக் கீ உள்ள நீட்டுச் சாமான், மேடையிலை பாத்தால் ஒரு எடுப்பு இருக்கவேணுமாம். எனக்கு எதை எண்டாலும் கெதியா வாங்கினால் காணும்.

யாழ்ப்பாணம் ரவுணிலை இருக்கிற கடைக்கு நானும் அவவும் பஸ்ஸிலை போனம், ஒருக்கா இல்லை, கனதரம். கடைக்காரர் நல்ல மனுசன், பொறுமையாத்தான் காட்டினார். இது சின்னன், பையுக்குள்ளை வைக்கலாம், ஆனா ரெண்டு கையாலை வாசிக்க இடம் காணாது. இது அறுபத்தொரு கீ, ரெண்டுக்கும் பாவிக்கலாம். இது பியானோ மாதிரிக் கனக்கிற கீ, ரெக்கோடிங்குக்கு அருமை, ஆனா தூக்க ரெண்டுபேர் வேணும். இதிலை தாளம் தட்டுற கட்டங்கள் இருக்கு. இதிலை உருட்டிற திருகுகள் இருக்கு. அவ எல்லாத்தையும் கேட்டா. கரண்ட் நிண்டால் கொம்பியூட்டரிலை இருந்தே ஓடுமோ, உப்புக்காத்துக்கு மூடி இருக்கோ, மெல்லமா அமத்தினால் மெல்லமாவே கேக்குமோ எண்டு நல்லாத்தான் விசாரிச்சா. கடைசியிலை தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டா, "சுருதி மாத்தினால் எங்கை காட்டும்?"

கடைக்காரருக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "அதையெல்லே அக்கா சொல்ல மறந்திட்டன்! இஞ்சை பாருங்கோ, பெரிய எழுத்திலை காட்டும். இருட்டிலையும் வடிவாத் தெரியும். பின்னாலை நிக்கிற ஆளும் வாசிக்கலாம். அதுதான் இதின்ரை விசேசமே."

அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா. "வேறை காட்டுங்கோ" எண்டா.

அடுத்ததிலை திரை இன்னும் பெரிசு. அதுக்கடுத்ததிலை நிறமும் மாறும். கடைக்காரர் தலையைச் சொறிஞ்சார். "அக்கா, எல்லாரும் வடிவாத் தெரியிற சாமானைத்தானே கேக்கிறவை. நீங்கள் என்ன தெரியாத சாமானைத் தேடுறியள்?" எண்டார். அவ கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தா. எனக்கு அவவைப் பாக்கப் பாவமாவும் இருந்தது, கொதியாவும் இருந்தது. பஸ்ஸிலை வரேக்கை கேட்டன்.

"உதைக் கொம்பியூட்டருக்குள்ளையே மாத்தி வைக்கலாமாம் எண்டு மகன் சொன்னவனெல்லே. பிறகேன் பட்டனைத் தேடிக்கொண்டு திரியிறியள்?"

"அவர் கொம்பியூட்டருக்குப் பக்கத்திலை நிண்டெல்லே பாடுறவர். பாட்டு நடுவிலை குரல் இறங்கினால் நான் அந்தக் கொம்பியூட்டர் எலியைப் பிடிச்சு ஆட்டிக்கொண்டிருக்கிறதோ? இடக்கை சுண்டுவிரலுக்கு எட்டவேணும் பிள்ளை. அவருக்குத் தெரியாமல் எட்டவேணும்."

அப்பிடியே மாசங்கள் போச்சுது. ஒருநாள் அவவே தனியப் போய் ஒரு கொன்ற்றோலரை வாங்கிக்கொண்டு வந்தா. அறுபத்தொரு கீ, பாரமில்லை, திரையே இல்லை. அண்ணைக்கு எடுப்புக் காணாது. மகனுக்குக் குறைஞ்ச சாமான். ஆனா சுருதி பட்டன் இடப்பக்க ஓரத்திலை, சுண்டுவிரலுக்குக் கீழை இருந்தது. அமத்தினால் ஒரு சின்னச் சிவப்பு லைற் மட்டும் எரியும். அந்த லைற்றுக்கு மேலை அவ தன்ரை ஒட்டுப்பொட்டு ஒண்டை ஒட்டிவிட்டிருந்தா.

"ஏன் உதிலை பொட்டு?" எண்டு அண்ணை கேட்டார்.

"கண்ணூறு நாவூறு படாமல் இருக்க" எண்டா.

அண்ணை சந்தோசமாச் சிரிச்சார். நான் எழும்பி வெளியிலை போயிட்டன்.

அந்தக் கொன்ற்றோலரோடை எங்களுக்கு நல்லாத்தான் ஓடினது, தொண்டைமானாத்துப் பக்கம் கரையோரத்து அம்மன் கோயில் தீர்த்தத் திருவிழா வரைக்கும். அண்டு பின்னேரம் மேடை. சனம் நிறைஞ்சு வழியுது. அண்ணைக்கு அண்டைக்குக் குரல் நல்லாவே இல்லை, அவ வழமையை விடக் கூட இறக்கி வைச்சிருந்தா. நாலைஞ்சு பாட்டு முடிய, கோயில் தலைவர் மேடையிலை ஏறி மைக்கை வாங்கினார்.

"அடியார்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி. அந்தக் காலத்திலை எங்கடை கோயில் நாதஸ்வரத்தோடை நிண்டு பாடின எங்கடை அண்ணை, இண்டைக்குத் திருப்பியும் அதே நாதஸ்வரத்தோடை சேர்ந்து ஒரு பாட்டுப் பாடப்போறார்."

சனம் ஆரவாரிச்சுது. நாதஸ்வரக்காரர் சிரிச்சுக்கொண்டு ஏறி வாறார். அண்ணைக்கு முகம் விளக்கேத்தின மாதிரி. "ரெண்டரைதானே! என்ரை சுருதியெல்லே!" எண்டு மைக்கிலையே சொன்னார்.

நாதஸ்வரத்துக்குப் பட்டன் இல்லை. அது ரெண்டரை எண்டால் ரெண்டரைதான். கீபோட்டை இறக்கி வைச்சால் ரெண்டும் சண்டை பிடிக்கும், காது கேக்கிற எல்லாருக்கும் விளங்கிப்போடும். இறக்காமல் விட்டால் அண்ணையின்ரை குரல் அவ்வளவு சனத்துக்கு முன்னாலையும் அறுந்து விழும். நான் அவவைப் பாத்தன். அவ அண்ணையின்ரை முதுகைத்தான் பாத்துக்கொண்டிருந்தா.

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலை வைக்க முதல் அவ தொடங்கினா. தொடங்கினது பிழை. பாட்டு ஒண்டு, அவ வாசிச்சது வேறை ஒண்டு. அண்ணை திரும்பிப் பாத்து, "முதல்லை இருந்து" எண்டார். திருப்பித் தொடங்கினா. தாளம் எங்கையோ, விரல் எங்கையோ. தபேலாக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு முழிச்சார். சனத்துக்குள்ளை சிரிப்புக் கிளம்பிச்சுது. மூண்டாந்தரம் இன்னும் மோசம். பால்குடிப் பிள்ளை தட்டின மாதிரி. அந்த விரல்கள் பிழையா வாசிச்சு நான் அதுக்கு முதல் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணைக்குக் கோவம் தலைக்கேறிட்டுது. மைக் கையிலை இருக்கிறதையும் மறந்துபோய், "உனக்கென்ன விசரோ? ஏலாதெண்டால் எழும்பிப் போவன்!" எண்டு கத்தினார். அது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு சனத்தைப் பாத்து, "சபையோர் மன்னிக்கவேணும். இவவுக்கு இண்டைக்குக் கை வருகுதில்லை" எண்டார். அவ தலையைக் குனிஞ்சுகொண்டு, "ஓம், எனக்கு ஏலாமல் கிடக்கு" எண்டா. பூசைக்கு நேரம் போட்டுது எண்டு சொல்லித் தலைவர் நிகழ்ச்சியை முடிச்சார். நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தை உறையுக்குள்ளை வைச்சுக் கட்டினார்.

சாமானுகளை வானுக்குள்ளை ஏத்திக்கொண்டு வீட்டை வெளிக்கிட்டம். எவ்வளவு சனத்துக்கு முன்னாலை! "அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" எண்டு வாயெடுத்தன். அவ பக்கத்திலை இருந்து என்ரை கையைப் பிடிச்சா. பிடிச்ச பிடியிலை என்ரை வளையல் உடைஞ்சுபோச்சு. நான் வாயை மூடிக்கொண்டன்.

அதுக்குப் பிறகு அவ மேடை ஏறேல்லை. "அந்த மனுசிக்கு இனி ஏலாது, விரல் போட்டுது" எண்டு ஊர் கதைச்சுது. கீபோட்டுக்கு வேறை ஒராளைப் போட்டு அண்ணையைக் கூப்பிட்டுப் பாத்தவை. அவர் போகேல்லை. "அண்டைக்கு நான் கத்தினது பிழை, பிள்ளை. அவவை வீட்டிலை இருத்திப்போட்டு நான் என்னெண்டு போய்ப் பாடுறது?" எண்டு எனக்குச் சொன்னார். குழு அத்தோடை முடிஞ்சுது. பின்னறை ரெக்கோடிங் மட்டும் மிஞ்சிச்சுது. அவவுக்கு மேடை எண்டால் உயிர். வெளிக்கிடுற நாளிலை காலமையே சீலையை எடுத்து வைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிருப்பா. அதைப் பற்றி ஒரு சொல்லு அவவின்ரை வாயிலை இருந்து வரேல்லை. கேட்டால், "எனக்கும் இருந்து வாசிக்க இடுப்பு நாரி நோகுது பிள்ளை, நல்லதாப் போச்சு" எண்டுவா. பொய்தான்.

போன மாரிக்கு அவவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கையும், "சும்மா தடிமன் காய்ச்சல்" எண்டுதான் அவருக்குச் சொல்லிக்கொண்டு போனவ. திரும்பி வரேல்லை. நான் தலையிலை அடிச்சு அழுதன்.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுதினது. அதிலை கணவர் புலம்பலைத் தான்தான் பாடுவன் எண்டு அண்ணை ஒற்றைக்காலிலை நிண்டார். கீபோட்டுக்குச் சண்டிலிப்பாயிலை இருந்து ஒரு சங்கீத வாத்தியார் வந்தார். தங்கமான மனுசன், எங்கடை கதை ஒண்டும் தெரியாதவர். அந்தப் பின்னறையிலை, அவவின்ரை கதிரையிலை இருந்துகொண்டு, "எத்தினை கட்டை அண்ணை?" எண்டு கேட்டார்.

"ரெண்டரை. எப்பவும் ரெண்டரைதான்."

வாத்தியார் ரெண்டரையிலை வைச்சார். உண்மையான ரெண்டரை. அண்ணை தொடங்கினார். முதல் வரி ஏறேக்கையே குரல் அறுந்துபோச்சு. தண்ணி குடிச்சார். திருப்பித் தொடங்கினார். அறுந்துபோச்சு. மூண்டாந்தரம் வாயைத் திறந்துகொண்டு நிண்டார், ஒண்டுமே வரேல்லை.

"கொஞ்சம் இறக்குவமோ அண்ணை?" எண்டு வாத்தியார் மரியாதையாத்தான் கேட்டார்.

"இறக்கிறதோ?" அண்ணை அவரைப் பாத்த பார்வை எனக்கு மறக்காது. "அவ இருந்தவரைக்கும் எனக்கு ஒரு அரைக் கட்டைகூட இறக்கினதில்லை, தம்பி. கட்டி வெட்டினதுக்குப் பிறகும் இறக்கேல்லை." பிறகு என்னட்டைத் திரும்பினார். "பாத்தியே பிள்ளை? போகேக்கை என்ரை குரலையும் கொண்டு போயிட்டா." சொல்லிப்போட்டுப் பின்கதவுப் பக்கம் நடந்தார். கதவுக்கு அங்காலை கிணத்தடி.

எனக்கு ஆயுளுக்கும் வாயிலை நிக்காத உண்மை, அண்டைக்கும் தொண்டை வரைக்கும் வந்துதான் நிண்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியவ சொல்லாமலே போயிட்டா, என்னைத் தடுக்கவும் ஒருத்தருமில்லை.

"பொறுங்கோ அண்ணை, போகாதேங்கோ. வயர் இளகிக் கிடக்கு, அதாலைதான் சத்தம் சரியா வருகுதில்லை" எண்டன். வாத்தியாருக்குக் குறுக்காலை குனிஞ்சு, வயரைத் தொடுற மாதிரித் தொட்டு, இடப்பக்க ஓரத்துப் பட்டனை மூண்டு தரம் அமத்தினன். வாத்தியார் என்ரை விரலைப் பாத்தார், பிறகு என்ரை முகத்தைப் பாத்தார். நான் அவரையே பாத்துக்கொண்டு நிண்டன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அதே கறுப்புக் கீயிலை விரலை வைச்சார்.

அண்ணை வந்து நிண்டு பாடினார். முழுக்கப் பாடினார். தன்னைத் தனிய விட்டுப்போனவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு இடத்திலையும் குரல் அறுந்துபோகாமல் கடைசி வரி வரைக்கும் பாடினார்.

முடிச்சுப்போட்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு கேட்டார், "அழுகை அடைச்சுக்கொண்டு இருந்திருக்கு, என்ன பிள்ளை? குரல் அப்பிடியேதான் இருக்கு. ரெண்டரைதானே?"

"ஓம் அண்ணை" எண்டன். "ரெண்டரைதான். வலு வடிவாப் பாடினியள்."